ஃபார்மேட் போடாத கடை

மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போனால் காதில் விழும் முதல் வார்த்தை ஃபார்மேட், அதாவது சி டிரைவைத் துடைத்து விண்டோஸைப் புதுசாக ஏற்றுவது. திரை கறுத்தால் ஃபார்மேட். கேம் திறக்கவில்லையா, ஃபார்மேட். பிரிண்டர் பேப்பரை இழுக்கவில்லை என்று வந்த ஒரு பெரியவரிடம்கூட “ஒரு தடவ ஃபார்மேட் போட்டுப் பாத்துருவமா சார்?” என்று கேட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காய்ச்சல் என்று போனவனுக்கு மொட்டை அடித்து அனுப்புவது மாதிரிதான். அப்படிப்பட்ட ஊரில் அந்தப் பேச்சையே எடுக்காத ஒரு கடை இருக்கிறது. பைபாஸ் ரோட்டில் பொன்மேனி பக்கம், ஒரு சந்துக்குள், மாடியில்.

நான் திருமங்கலத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். பகலில் போட்டோஷாப், பிரீமியர். ராத்திரி பார்ட்டி போன் ஓய்ந்த பிறகு அதே மெஷினில் கேம். அக்கா மகன் லீவில் உசிலம்பட்டியிலிருந்து வந்துவிட்டால் அதுவும் எனக்கில்லை. திரைக்குப் படம் தரும் கிராஃபிக்ஸ் கார்டு பழைய என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. 2016-ல் வந்த மாடல். தனியாக பவர் ஒயர்கூடக் கேட்காது, போர்டு ஸ்லாட்டில் கிடைக்கும் 75 வாட்டுக்குள் ஓடிவிடும். என் தொழிலுக்கு அது போதும்.

ஆல்பம் டிசைனருக்கு ஃபார்மேட் என்றால் என்ன என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. போட்டோ எல்லாம் டி டிரைவில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் பாமினி தொடங்கி வருஷக்கணக்கில் சேர்த்த தமிழ் ஃபான்ட்டுகள், போட்டோஷாப் ஆக்‌ஷன்கள், பிரஷ்கள், பிளக்இன்கள், கலர் மேட்ச் செய்து வைத்த மானிட்டர் புரொஃபைல், இவ்வளவும் சி டிரைவோடு போய்விடும். திரும்ப ஏற்றி முடிப்பதற்குள் ஒரு முழுநாள் காலி. ஆவணி முகூர்த்த நேரத்தில் ஒரு நாள் போனால் ரெண்டு பார்ட்டி திட்டுவார்கள்.

என் மெஷினுக்கு வந்த கோளாறு இது. கேம் ஓடும்போதோ பிரீமியரில் வீடியோ எக்ஸ்போர்ட் போடும்போதோ திரை சட்டென்று கறுக்கும், ரெண்டு நொடியில் திரும்ப வரும். கேம் என்றால் வெளியே தள்ளிவிடும், எக்ஸ்போர்ட் என்றால் பாதியில் நிற்கும். ஊரில் வழக்கமாகப் பார்க்கிறவரிடம் கொடுத்தேன். ஃபார்மேட். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதை. மறுபடி கொடுத்தேன், மறுபடி ஃபார்மேட். கடைசியில் “கார்டு போயிருச்சு, புதுசு வாங்கிருங்க” என்றார். அப்போதுதான் சிவகாசியில் ஆல்பம் பிரிண்ட் போடுகிற நண்பர் ஒருவர் இந்தப் பொன்மேனிக் கடையைச் சொன்னார்.

பெயர்ப் பலகை கிடையாது. கீழே தையல் கடை, எதிரே சாயங்காலம் பருத்திப்பால் வண்டி நிற்கும். தையல் கடையில் “கேம் கம்ப்யூட்டர் பாக்குற அண்ணன்” என்று கேட்டால் தலையை நிமிர்த்தாமலே மேலே கை காட்டுவார்கள். படி செங்குத்து. ஒரு கையில் சிபியூ, இன்னொரு கையில் கைப்பிடி என்று ஏறவேண்டும். உள்ளே சின்ன அறை, ரெண்டு மேசை, பழைய மானிட்டர்கள், சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கும் எஸ்எம்பிஎஸ்கள், அதாவது மெஷினுக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகள். கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். உதவிக்கு பாலிடெக்னிக் முடித்த ஒரு தங்கச்சி. பாதி வேலையை அந்தப் பெண்தான் பார்க்கிறது, அதையும் சொல்லிவிடவேண்டும்.

சிபியூவை மேசையில் வைத்ததும் ஒயரை மாட்டாமல் கேள்விதான் கேட்டார்.

“என்ன பண்ணுது தம்பி?”

“ஸ்க்ரீன் கறுத்துக் கறுத்து வருதுண்ணே.”

“கறுத்துட்டு வந்துருதா, அப்புடியே நின்னுருதா?”

“வந்துருதுண்ணே. ரெண்டு செகண்ட்ல.”

“கறுக்கையில சத்தம் ஓடுதா? ஃபேன் திடீர்னு கத்துதா? சும்மா நெட் பாக்கையில வருதா, லோடு குடுத்தாத்தான் வருதா?”

இதில் ஒரு கேள்வியைக்கூட அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் ஒவ்வொன்றும் ஒரு சந்தேகத்தைக் கழிக்கிறது என்று பிறகு புரிந்தது. கறுத்து அப்படியே நின்று ஃபேன் மட்டும் கத்தினால் கார்டின் சூட்டையோ பவரையோ சந்தேகப்படுவாராம். கறுத்துவிட்டுத் தானாகத் திரும்பினால் முதலில் பார்ப்பது நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரை.

விஷயம் இப்படி. விண்டோஸ் கார்டிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு 2 நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் கார்டு மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி, டிரைவரை, அதாவது கார்டோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருளை, நிறுத்தி மறுபடி கிளப்பும். அந்த இடைவெளிதான் நாம் பார்க்கும் கறுப்பு. ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில், டிஸ்பிளே டிரைவர் பதில் தராமல் நின்று பிறகு மீண்டது என்று ஒரு வரி விழும். யூடியூபில் இதற்கு ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் இடத்தில், டிடிஆர் டிலே என்ற காத்திருப்பு நேரத்தைக் கூட்டி வைக்கச் சொல்வார்கள். “கூட்டுனா ரெண்டு செகண்ட் மாட்டுறது எட்டு செகண்ட் மாட்டும், அவ்வளவுதான் தம்பி” என்றார்.

அப்புறம் பக்கவாட்டு மூடியைக் கழற்றி புளோயரால் ஊதினார். திருமங்கலத்துத் தூசி அத்தனையும் ஜன்னல் வழியாக பருத்திப்பால் வண்டிப் பக்கம் போனது. சுவரில் தொங்கிய ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து மாற்றி மாட்டினார். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து கார்டின் சூட்டைப் பதிவில் போட்டுவிட்டு ஒரு கேமை ஓடவிட்டார். சூடு ஏறவில்லை. கறுப்பு வந்தது. பவர் இல்லை, சூடு இல்லை என்று தங்கச்சி நோட்டில் ரெண்டு கோடு போட்டது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மனதில் நின்றது. ரன் பெட்டியில் பெர்ஃப்மான், ஒரு இடைவெளி, ஸ்லாஷ், ரெல் என்று அடித்தார். ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒரு ஜன்னல் திறந்தது. விண்டோஸுக்குள்ளேயே வருஷக்கணக்காகக் கிடப்பது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நாள்வாரியாகக் கட்டம் போட்டு, எந்த நாளில் எது விழுந்தது, எந்த நாளில் எந்த மென்பொருள், எந்த டிரைவர் ஏறியது என்று காட்டுகிறது. சிவப்புப் பெருக்கல் குறி விழுந்த நாளுக்கெல்லாம் முன்னாடி ஒரு நீலக் குறி இருந்தது. அதைத் தொட்டால் ஒரு டிரைவர் ஏறிய விவரம். ஏற்றியது நானில்லை. டிரைவர்களைத் தானாகப் புதுப்பிக்கும் ஒரு இலவச மென்பொருள் பின்னால் உட்கார்ந்துகொண்டு கிராஃபிக்ஸ் டிரைவர், மதர்போர்டுக்கான சிப்செட் டிரைவர் என்று தனக்குத் தோன்றியதை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அது எப்படி வந்தது? ஊர்க்காரர் ஃபார்மேட் போட்டு முடித்ததும் வழக்கமாக ஏற்றும் மென்பொருள்களில் அதுவும் ஒன்று. அவர் பென்டிரைவில் இருக்கிறது. ஆக, ஒவ்வொரு ஃபார்மேட்டும் கோளாறைத் துடைத்த கையோடு மறுபடி ஏற்றிவிட்டுத்தான் போயிருக்கிறது. கொஞ்ச நாள் நன்றாக ஓடியதற்கும் அதுதான் காரணம். அந்த மென்பொருள் அடுத்த சுற்று வரும்வரைக்கும் ஓடியது.

நான் கோபப்பட்டேன். அண்ணன் கோபப்படவில்லை. “அவரும் பாவம், நாளைக்கு அஞ்சு மெஷின் முடிக்கணும்ல” என்று மட்டும் சொன்னார்.

சரிசெய்யும் வேலையை விவரமாகவே எழுதுகிறேன். வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். முதலில் அந்த அப்டேட்டரை நீக்கினார். அடுத்து நெட் கேபிளைப் பிடுங்கினார். ஏன் என்று கேட்டதற்குத் தங்கச்சி பதில் சொன்னது: பழைய டிரைவரை எடுத்துவிட்டு மெஷினை ஆன் செய்த உடனே, கார்டுக்கு டிரைவர் இல்லை என்று பார்த்து விண்டோஸ் தானே ஒன்றை இறக்கப் போய்விடும், நாம் ஏற்றுவதும் அது ஏற்றுவதும் ஒன்றின்மேல் ஒன்று விழும். பிறகு அத்தியாவசியமானது மட்டும் ஏறும் சேஃப் மோடில் திறந்தார்கள். எழுத்தெல்லாம் இட்லி சைஸில் வந்தது. அதில் டிடியூ, அதாவது டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். இதுவும் இலவசம்தான். கன்ட்ரோல் பேனலில் போய் நீக்கினால் மிஞ்சுகிற கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி வரிகளையும் இது துழாவி எடுத்துவிடும். மெஷின் திரும்ப வந்ததும் மதர்போர்டு கம்பெனி தளத்திலிருந்து எடுத்த சிப்செட் டிரைவர், அதற்கப்புறம் என்விடியா தளத்திலிருந்து இறக்கிய கிராஃபிக்ஸ் டிரைவர், கடைசியாக நெட் கேபிள். இந்த வரிசை மாறக்கூடாது என்பதில் அவர் கறார்.

இங்கே இன்னொரு கேள்வி வந்தது. “கேம் ரெடி போடவா, ஸ்டுடியோ போடவா?” ஒரே கார்டுக்கு என்விடியா ரெண்டு வகை டிரைவர் தருகிறது. கேம் ரெடி புது கேம்கள் வரும்போதெல்லாம் வரும். ஸ்டுடியோ மெதுவாக வரும், போட்டோஷாப், பிரீமியர் மாதிரியான மென்பொருள்களோடு ஓட்டிப் பார்த்து விடுவார்கள். அடிப்படை ஒன்றுதான், ஸ்டுடியோவிலும் கேம் தாராளமாக ஓடும். தொழில் மெஷின் என்பதால் ஸ்டுடியோவே போடச் சொன்னேன். அக்கா மகன் முகம் சுருங்கியது, ஆனால் இன்றுவரை அவன் விளையாடுகிற எதுவும் அதனால் ஓடாமல் போகவில்லை.

முடிந்ததும் கேபினட் மூடியின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவில் கார்டின் பெயர், ஏற்றிய டிரைவரின் வெர்ஷன் எண், தேதி எழுதினார். அதே மூன்றும் அவர் நோட்டிலும் இருக்கும். நாளைக்கு ஏதாவது கோணினால் எந்த எண்ணுக்குத் திரும்பவேண்டும் என்று தேடவேண்டாம். இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் இந்தக் கடைக்கு மார்க் போடுவேன். டிரைவர் என்றால் எப்போதும் புதுசுதான் நல்லது என்று ஒரு நம்பிக்கை நம் ஆட்களிடம் இருக்கிறது. நன்றாக ஓடிய எண் எது என்று தெரிந்து வைத்திருப்பவனுக்குத்தான் தூக்கம் வரும்.

புது கார்டு விற்கவும் முயலவில்லை. என் கார்டின் தலைமுறைக்கு என்விடியாவின் 580 வரிசை டிரைவர்தான் கடைசி. 2025 அக்டோபரோடு வழக்கமான கேம் டிரைவர்கள் நின்றுவிட்டன, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். இதைச் சொல்லிவிட்டு, “ஆல்பத்துக்கு இது தாராளம். புதுசா வர்ற பெரிய கேமுக்குத்தான் பத்தாது” என்றார். 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் என்ற கேம், வெளிச்சத்தையும் நிழலையும் கணக்குப் போட்டு வரையும் ரே டிரேசிங் வசதி கார்டிலேயே இருந்தால்தான் திறக்கும். 1050 டிஐ-யில் அந்த வசதியே கிடையாது, எந்த டிரைவரைப் போட்டாலும் வராது. அக்கா மகன் அதற்கும் ஏதாவது வழி இருக்கும் என்று யூடியூபில் தேடிக்கொண்டிருந்தான். அவனை நிறுத்தியது அண்ணனின் இந்த ஒரு வாக்கியம்தான். என் பேச்சு எங்கே எடுபடுகிறது?

அவனுடைய சொந்த மெஷின் கதை தனி. வாலரன்ட் கேமைத் திறந்தால் வேன் 9003 என்று எரர். விண்டோஸ் 11-ல் இந்த கேமின் காவல் மென்பொருளான வேன்கார்டுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், கையொப்பம் சரியாக உள்ள சிஸ்டத்தை மட்டும் கிளம்பவிடும் செக்யூர் பூட்டும் ஆனில் இருக்கவேண்டும். அவன் மெஷினில் ஹார்ட் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸில் போய் செக்யூர் பூட்டுக்காக, பழைய முறையில் கிளம்பவிடும் சிஎஸ்எம்மை அணைத்தால் விண்டோஸே கிளம்பாது. உசிலம்பட்டியில் கேட்ட இடத்தில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுதவேண்டியதில்லை.

பொன்மேனியில் தங்கச்சிதான் இதைப் பார்த்தது. விண்டோஸுக்குள்ளேயே எம்பிஆர் டூ ஜிபிடி என்று ஒரு கட்டளை இருக்கிறது, 2017-லிருந்து. டிஸ்க்கில் இருப்பதை அழிக்காமல் பிரிக்கும் முறையை மட்டும் எம்பிஆரிலிருந்து புதிய ஜிபிடிக்கு மாற்றும். முதலில் சரிபார்க்க மட்டும் ஒருமுறை ஓட்டியது. டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் மாற்றாது என்பதால் அதையும் எண்ணிப் பார்த்துக்கொண்டது. முக்கியமான கோப்பைக் காப்பி எடுத்து வைத்துவிட்டுத்தான் மாற்றும் கட்டளை. பிறகு பயாஸுக்குப் போய் சிஎஸ்எம் ஆஃப், இன்டெல் பிடிடி ஆன், செக்யூர் பூட் ஆன். இன்டெல் போர்டில் டிபிஎம் இந்தப் பிடிடி என்ற பெயரில் ஒளிந்திருக்கும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்று இருக்கும். அவன் படிப்பு, படம், பாட்டு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. 2012-க்கு முந்தைய கிராஃபிக்ஸ் கார்டு பலவற்றில் சிஎஸ்எம்மை அணைத்தால் திரையே வராது, அதனால் பழைய கார்டு வைத்திருப்பவர்கள் பார்த்துக் கைவைக்கவும்.

கடையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பார்த்த இன்னொரு கேஸையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருப்பரங்குன்றத்துப் பையன் ஒருவன், ஏஎம்டியின் பழைய ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டு ஒன்றைக் கைமாற்றாக வாங்கி வந்திருந்தான். படம் வருகிறது, டிரைவர் மட்டும் உட்காரவில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43 என்ற எரர். விற்றவர் போனை எடுக்கவில்லை.

அண்ணன் முதலில் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகுகளான ஷேடர்களின் எண்ணிக்கையைப் பார்த்தார். 2304. “தப்பிச்ச” என்றார். 2048 இருந்தால் அது பெயருக்குத்தான் 580, உள்ளே 570-ன் அளவுதான். அந்த வகையும் சந்தையில் சுற்றுகிறது. அடுத்து கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெமரி சிப்புகளுக்கு மேலே இருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் எண்ணெய் விட்டிருந்தது, திருகுகளில் ஸ்குரூடிரைவர் பட்ட தழும்பு. “மைனிங்ல ஓடுன கார்டு.” 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதோடு கிராஃபிக்ஸ் கார்டு வைத்து அதைத் தோண்டும் வேலையே நின்றுபோனது, அதில் ஓடிய கார்டுகள் எல்லாம் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. தோண்டியவர்கள் மெமரி வேகத்துக்காகக் கார்டின் பயாஸையே மாற்றி எழுதியிருப்பார்கள். ஏஎம்டி டிரைவர் ஏறும்போது அந்த பயாஸின் கையொப்பத்தைச் சோதிக்கும், பொருந்தாவிட்டால் ஏறாது. விண்டோஸை எத்தனை தடவை புதுசாகப் போட்டாலும் இது தீராது, ஏனென்றால் கோளாறு கார்டுக்குள் இருக்கும் சிப்பில் இருக்கிறது.

சில கார்டுகளில் விளிம்பில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும், ரெண்டு பயாஸில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. ஒன்றை மாற்றியவர் மற்றதை விட்டுவைத்திருந்தால் சுவிட்சைத் தள்ளினாலே வேலை முடியும். இந்தக் கார்டில் இல்லை. அதனால் இப்போதிருக்கும் பயாஸை முதலில் கோப்பாகச் சேமித்தார். பிறகு அதே கம்பெனி, அதே மாடல், அதே மெமரி தயாரிப்பாளர் என்று மூன்றும் பொருந்தும் மூல பயாஸைத் தேடி எடுத்தார். 580-ல் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மெமரி மாறும், மாற்றிப் போட்டால் கார்டு படுத்துவிடும். எழுதும் நேரத்தில் யூபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிகிறதா என்று ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நம் ஊர் கரன்ட்டை நம்பி பயாஸ் எழுதுகிறவன் தைரியசாலி. மறுபடி ஆன் செய்து டிரைவரைப் போட்டதும் மஞ்சள் முக்கோணம் இல்லை. பையன் கைதட்டினான். “இருப்பா. தெர்மல் பேட் மாத்தாம கேம் பக்கம் போகாத” என்று அதட்டி உட்கார வைத்தார். இந்தக் கார்டு வகைக்கு ஏஎம்டி 2023-லிருந்து தனிக் கிளையில்தான் டிரைவர் தருகிறது, புது கார்டுகளுக்கு வருகிற வேகத்தில் வராது என்பதையும் அவனிடம் சொன்னார்.

சின்னச் சின்ன கேஸ்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேலூரிலிருந்து ஒருவர், புது கார்டு போட்டும் கேம் வேகம் கூடவில்லை என்று காரில் மெஷினைக் கொண்டுவந்தார். மானிட்டர் ஒயர் மதர்போர்டின் ஓட்டையில் சொருகியிருந்தது. கார்டில் மாற்றிச் சொருகிவிட்டுக் காசு வாங்காமல் அனுப்பினார். ஹாஸ்டல் பையன் ஒருவனுக்கு லேப்டாப்பில் கேம் இன்டெல் சிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய் அந்த கேமுக்கு ஹை பெர்ஃபாமன்ஸ் வைத்ததும் என்விடியாவுக்கு மாறியது. ஏதாவது டிஎல்எல் என்ற துணைக் கோப்பு காணோம் என்று எரர் வந்தால் அந்தக் கோப்பைத் தனியாகக் கொடுக்கும் தளங்களுக்குப் போகாதீர்கள் என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார். டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் பெயராக இருந்தால் கேம் கார்டோடு பேச உதவும் டைரக்ட்எக்ஸின், மைக்ரோசாஃப்ட் தரும் 2010 ஜூன் தொகுப்பைப் போடவேண்டும், விண்டோஸ் 11-லும் அந்தக் கோப்புகள் கூடவே வருவதில்லை. விசி ரன்டைம் என்று தொடங்கினால் விஷுவல் சி++ தொகுப்பில் 32 பிட், 64 பிட் ரெண்டையும் போடவேண்டும். நோட்டில் பாதி கேஸ் இந்த ரெண்டு வகைதான் என்றது தங்கச்சி.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது பழைய கேம் பக்கம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ப்ராஜெக்ட் ஐஜிஐ ஆடிய தலைமுறை நான். 2000-ல் வந்த கேம். இன்றைய கார்டில் திறந்தால் திக்கும், நிறம் கோணும். அண்ணன் டிஜிவூடூ என்ற மென்பொருளின் ஒன்றிரண்டு கோப்புகளை கேமின் ஃபோல்டரில் வைத்தார். பழைய டைரக்ட்எக்ஸ் பேச்சை அது புது டைரக்ட்எக்ஸுக்கு மாற்றிச் சொல்லும், கேமுக்கு எதுவும் தெரியாது. ஜிடிஏ 4 திக்குகிறது என்று வருபவர்களுக்கு டிஎக்ஸ்விகே வைத்துக் கொடுக்கிறார். அது டைரக்ட்எக்ஸை வல்கன் என்ற இன்னொரு முறைக்கு மாற்றுவது, லினக்ஸில் விண்டோஸ் கேம் ஓட்ட உதவுவது, விண்டோஸிலும் சில கேமுக்குக் கைகொடுக்கிறது. அந்தக் காலத்து சிடியை எடுத்துக்கொண்டு போனால் மட்டும் ஏமாற்றம்தான். நகல் எடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட சிடிகள் விண்டோஸ் 10-லிருந்து ஓடாது, அதற்கான டிரைவரைப் பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் 2015-லேயே எடுத்துவிட்டது. இணையக் கடைகளில் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்.

குறைகளும் இருக்கின்றன. போன் எடுக்கமாட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ராத்திரி ஒரு மணிக்கு வாய்ஸ் நோட்டாகப் பதில் வரும், பின்னணியில் ஃபேன் சத்தத்தோடு. இன்று கொடுத்தால் இன்று கிடைக்காது. காரணத்தைத் தேடுகிற கடைக்கு நேரம் ஆகத்தான் செய்யும், ஆனால் எப்போது கிடைக்கும் என்று ஒரு தோராயமாவது சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை போனால் நிற்க இடமிருக்காது, பையன்கள் கூட்டம். கிராக் செய்த கேமில் பிரச்சினை என்றால் தொடவே மாட்டார். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏற்றியதில் என்னென்ன கோப்பை மாற்றியிருக்கிறார்கள் என்று தனக்குத் தெரியாது என்பது அவர் வாதம். அதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அதற்குக் கூடவே தரும் அறிவுரை கொஞ்சம் நீளம்.

ஒரு விஷயத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. இன்டெல் ஆர்க் கார்டு என்றாலே “அது ஆகாது தம்பி” என்று முடித்துவிடுகிறார். 2022-ல் ஆர்க் வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9 கேம்களில் தடுமாறியது உண்மை, டிரைவர் அதையெல்லாம் மொழிமாற்றித்தான் ஓட்டியது. 2022 கடைசியிலிருந்து இன்டெல் அதைப் படிப்படியாகச் சரிசெய்து வந்திருக்கிறது. போர்டில், கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே தடவையில் எட்ட உதவும் ரீசைசபிள் பார் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கினால் நல்ல கார்டுதான். என் நண்பர் ஒருவர் வீடியோ எடிட்டிங்குக்கு அதைத்தான் வைத்திருக்கிறார், எக்ஸ்போர்ட் வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை. ஒவ்வொரு மெஷினையும் பார்த்துவிட்டுப் பேசுகிற மனிதர் இந்த ஒன்றில் மட்டும் பார்க்காமலே பேசுகிறார்.

கூலி: டிரைவர், மென்பொருள் வேலைக்கு 350 ரூபாய். பயாஸ் எழுதுவது 600. கோளாறு கண்டுபிடிக்க முடியாவிட்டால் வாங்குவதில்லை. ஜிபே உண்டு. பில் கேட்டால் துண்டுச் சீட்டில் கையால் எழுதித் தருவார். அதிலும் வெர்ஷன் எண் இருக்கும்.

போகிறவர்கள் சிபியூவை மட்டும் கொண்டுபோனால் போதும், மானிட்டர் வேண்டாம். எரர் வந்தபோது எடுத்த போட்டோ இருந்தால் வேலை பாதியாகும். திருமங்கலம் பக்கத்திலிருந்து வருபவர்கள் பழங்காநத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். நான் எக்ஸ்எல்லின் முன்னால் சிபியூவை நிறுத்தி, பழைய பெட்ஷீட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் போகிறேன். காலை பதினொன்றுக்கு முன்னால் கடை திறப்பதில்லை, செவ்வாய்க்கிழமை லீவு.